ஓர் அந்தர் யூரியாவின் காபன் கணக்கு

ஈழத்தின் கீழைக் கரையிலே, கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் கிழக்கே அலையோசை. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். பண்டு பட்டிப்பளை ஆறு எனப்பட்ட கல்லோயாவின் நீர், 1949இல் தொடங்கப்பெற்ற பெருந்திட்டத்தின் பயனாக வாய்க்கால்வழி இவ்வயல்களிற் பரவுகின்றது. இப்பகுதி வழக்கில் ‘வேளாண்மை’ என்னுஞ் சொல் பயிர்த்தொழில் அனைத்தையுங் குறியாது நெற்செய்கை ஒன்றனையே சிறப்பாகக் குறிக்கும். சொல்லே சான்று பகருமாறு, இம்மக்களின் வாழ்வு நெல்லோடு பிணைந்தது.

நெல்லோடு பிணைந்த வாழ்வு கணக்கோடும் பிணைந்ததாகும். விளைந்த நெல்லிற்குச் சக்காத்துக் கொடுக்கும் இவ்வூர் முஸ்லிம் உழவர், மழைநீரால் விளைந்ததாயிற் பத்திலொரு பங்கும், செலவும் உழைப்புமிட்டு நீர் பாய்ச்சி விளைந்ததாயின் இருபதிலொரு பங்கும் பிரித்தல் மார்க்க விதியாகும். இக்கணக்கு, களத்திற் குவிந்த நெல்லின் அளவை மாத்திரம் கேட்பதன்று. அந்நெல் எவ்வாறு வந்தது, அதன் சுமையை யார் தாங்கினர் என்பதையுங் கேட்பது. இன்று உலகெங்கும் பெருந்தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் வெளியிடும் காபன் உமிழ்வு அறிக்கைகளிடத்தும் இவ்வினாவையே கேட்டல் வேண்டும். எத்துணை உமிழ்ந்தது என்பதோடு, எங்கே உமிழ்ந்தது, எவர் பெயரில் எழுதப்பட்டது என்பனவும் ஆராயத்தக்கன. பசளை ஆலைகளின் அறிக்கையில் இவ்வாராய்ச்சி பெரிதும் வேண்டப்படுவது. ஏனெனில், ஆலையில் தொடங்கும் கணக்கு ஆலையில் முடிவதில்லை. அது கல்முனைக்கு மேற்கேயுள்ள சேற்று வயலிலே வந்து முடிகின்றது.

அறிக்கையின் மூன்று எல்லைகள்

தொழில் நிறுவனங்கள் தம் பச்சைவீட்டு வாயுக்களைக் கணக்கிடுதற்குரிய பொதுமுறை ஒன்றை, உலக வளங்கள் நிறுவனமும் நிலைபேறான அபிவிருத்திக்கான உலக வணிக மன்றமும் இணைந்து 2001இல் வெளியிட்டன. 2004இல் அது திருத்தம் பெற்றது. இன்று உலகில் வழங்கும் அறிக்கைகளிற் பெரும்பாலானவை இம்முறையைத் தழுவியனவே.

இம்முறை உமிழ்வை மூன்று எல்லைகளாக வகுக்கும். ஆலையின் உலையிலும் புகைபோக்கியிலும் வாகனத்திலும் நேரே வெளிப்படுவன முதலாம் எல்லைக்குரியன. ஆலை விலைகொடுத்துப் பெறும் மின்சாரம், நீராவி முதலியவற்றை ஆக்குமிடத்து வெளிப்படுவன இரண்டாம் எல்லைக்குரியன. இவ்விரண்டும் நீங்கலாக, மூலப்பொருளை எடுக்குமிடந்தொட்டு விற்ற பொருளைப் பயன்படுத்துமிடம்வரை நிகழ்வன யாவும் மூன்றாம் எல்லைக்குரியன. மூன்றாம் எல்லைக்கெனத் தனியொழுங்கு 2011இல் வெளிவந்தது. அது பதினைந்து வகைகளை வகுத்து, பதினோராம் வகையில் ‘விற்ற பொருளின் பயன்பாடு’ என்பதனை வைத்துள்ளது. பயன்படுத்தும்போது தம்முள் அடங்கிய அல்லது தம்மிலிருந்து தோன்றும் பச்சைவீட்டு வாயுவை வெளிவிடும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாக அவ்வொழுங்கு கூறுவனவற்றுட் பசளையும் ஒன்று.

எனவே, பசளை ஆலையின் பொறுப்பு வாயிற்கதவோடு அற்றுப்போவதன்று என்பது விதியிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. ஆயினும், விதியில் இருப்பது வேறு. அறிக்கையின் முதற்பக்கத்திற் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது வேறு. முதலிரண்டு எல்லைகளும் எளிதில் அளக்கப்படுவன; ஆலையின் கையில் உள்ளன; ஆதலின் ‘இவ்வாண்டு உமிழ்வைக் குறைத்தோம்’ என்னும் அறிவிப்புகள் பெரும்பாலும் அவற்றையே சுட்டும். மூன்றாம் எல்லை அட்டவணையின் அடியிலோ, சிலவிடத்து அறிக்கைக்கு அப்பாலோ நின்றுவிடும்.

ஆலையில் நிகழ்வது

இக்கணக்கைத் தெளிய வேண்டுமாயின் யூரியா பிறக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். காற்றில் ஐந்திலே நான்கு பங்கு நைதரசன். ஆயினும் நெற்பயிர் அதனை நேரே உண்ண மாட்டாது. காற்றின் நைதரசனை ஐதரசனோடு கூட்டி அமோனியாவாக்கும் வழியை ஜேர்மனிய இரசாயன அறிஞர் பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்திற் செய்து காட்டினார். கார்ள் பொஷ் என்பார் அதனைத் தொழிற்சாலை அளவிற்கு வளர்த்தார். 1913இல் ஒப்பௌ என்னும் இடத்தில் முதல் ஆலை இயங்கிற்று. உலக மக்களிற் பெருந்தொகையினரின் உணவு இன்று இவ்விருவரின் ஆக்கத்தையே சார்ந்து நிற்கின்றது.

நைதரசன் காற்றிலிருந்து விலையின்றிக் கிடைப்பது. ஐதரசனோ அவ்வாறன்று. பெரும்பாலான ஆலைகள் இயற்கை வாயுவாகிய மெதேனை மிக்க வெப்பத்தில் நீராவியோடு தாக்கமுறச் செய்து ஐதரசனைப் பெறுகின்றன. மெதேனிலிருந்த காபன் அப்போது காபனீரொட்சைட்டாகப் பிரிகின்றது. இதற்கு வேண்டிய வெப்பத்தைத் தரும் உலையிலும் வாயு எரிகின்றது. அங்கும் காபனீரொட்சைட்டு எழுகின்றது. ஒரு தொன் அமோனியாவிற்கு, இயற்கை வாயுவைக் கொண்டு திறம்பட இயங்கும் ஆலையில் ஏறத்தாழ 1.8 தொன் காபனீரொட்சைட்டு வெளிப்படும். நிலக்கரியைக் கொண்டு இயங்கும் ஆலையில் அது 3 தொன்னை விஞ்சும்; நப்தா இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சருவதேச சக்தி முகவரகம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகச் சராசரி 2.4 தொன்; உலகின் அமோனியா ஆலைகள் யாவும் ஆண்டொன்றில் நேரே வெளிவிடுவது 45 கோடித் தொன்.

இனி, யூரியாவின் தனித்தன்மை யாதெனின், அது அமோனியாவோடு காபனீரொட்சைட்டையும் உணவாகக் கொள்வது. அமோனியா ஆலையிற் கழிவாகப் பிரிந்த காபனீரொட்சைட்டே அடுத்த கூடத்துக்குச் செலுத்தப்பட்டு, அங்கே அமோனியாவோடு உயர் அமுக்கத்திற் கூடி யூரியாவாகின்றது. அறுபது பங்கு யூரியாவுள் நாற்பத்துநான்கு பங்கு காபனீரொட்சைட்டு செலவாகின்றது. புகைபோக்கியால் வானிற் கலந்திருக்க வேண்டிய வாயு, வெண்மணிகளாகிச் சாக்கினுள் அடைபடுகின்றது. இவ்வடைபட்ட வாயுவை உமிழ்வென்று கொள்வதா, கொள்ளாது விடுவதா? இதுவே கணக்கின் முடிச்சு.

ஒரு மூடையின் கணக்கு

இலங்கை உழவர் பசளையை அந்தரால் எண்ணுவர். அந்தர் என்பது முன்னாளில் 112 இறாத்தல். இன்று 50 கிலோகிராம் மூடை. ஓர் ஏக்கர் நெல்லிற்கு ஒரு போகத்தில் ஏறத்தாழ இரண்டு அந்தர் யூரியா இடப்படும். அவற்றுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு கணக்கிடலாம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். எனவே மூடைக்குள் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதனை ஆக்க 28 கிலோகிராம் அமோனியா வேண்டும். இயற்கை வாயு ஆலையாயின் அவ்வமோனியாவின் பொருட்டு 51 கிலோகிராம் காபனீரொட்சைட்டு தோன்றும். அதில் 37 கிலோகிராம் யூரியாவினுள் அடைபடும். எஞ்சிய 14 கிலோகிராமே புகைபோக்கியால் வெளியேறும்.

மூடை வயலை அடைகின்றது. மண்ணிலுள்ள யூரியேசு என்னும் நொதியம் ஒரு சில நாட்களுள் யூரியாவை உடைத்து விடுகின்றது. அடைபட்டிருந்த 37 கிலோகிராம் காபனீரொட்சைட்டு விடுதலை பெறுகின்றது. அதன் ஒரு பகுதி நீரோடு கரைந்து செல்லக்கூடும் எனினும், கணக்கு விதி முழுவதும் வெளியேறியதாகவே கொள்ளும். அஃதன்றி, அமோனியமாக மாறிய நைதரசனை மண்ணின் நுண்ணுயிர்கள் பற்றி, காற்றுள்ள இடத்தில் நைத்திரேற்றாகவும் காற்றில்லா இடத்தில் மீண்டும் வாயுவாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றத்தின் இடையே சிறிதளவு நைதரசு ஒட்சைட்டு நழுவி வெளியேறும். சிறிதளவே யாயினும் அதனை எளிதாக எண்ணற்க. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோகிராம் நைதரசு ஒட்சைட்டு 273 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு நிகராக வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும்.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2019இல் திருத்திய பொது அளவின்படி, நீர் தேங்கிய நெல்வயலில் இட்ட நைதரசனில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு இவ்வாறு நேரே வெளியேறும். அவ்வளவைக் கொண்டு நோக்கின், ஒரு மூடையால் வருவது ஏறத்தாழ 40 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு நிகர். நீர் தேங்கா மேட்டுநிலப் பயிருக்கு நூற்றுக்கொரு பங்கு என்னும் பொது அளவைக் கொண்டால் அது 99 கிலோகிராம் ஆகும். இவ்வளவுகள் உலகப் பொதுமையான சராசரி. மண்ணும் நீரும் மழையும் மாறுந்தோறும் இவை கூடியுங் குறைந்தும் நிற்கும்.

கப்பற் போக்குவரத்து, யூரியாக் கூடத்து நீராவி, அமோனியாவாக ஆவியாகிச் சென்று பிறிதோரிடத்தில் மாறுவது ஆகியவற்றை நீக்கிக் கூட்டினால், ஒரு மூடையின் மொத்தம் 91 கிலோகிராம். ஆலையில் 14, வயலில் 37, பின்னும் வயலில் 40. இதுவே ஓர் அந்தர் யூரியாவின் காபன் கணக்கு.

இக்கணக்கு ஒரு மூடையின் அளவில் நிற்பதன்று. செயற்கை நைதரசன் பசளையின் முழு வழித்தடத்தையும் அளந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, 2018ஆம் ஆண்டில் உலக முழுவதும் அதனால் எழுந்தது 113 கோடித் தொன் காபனீரொட்சைட்டுக்கு நிகர் என மதிப்பிட்டது. அதில் ஆக்கத்தின் பங்கு நூற்றுக்கு 38.8, போக்குவரத்தின் பங்கு 2.6, மண்ணில் இட்டபின் எழுந்தது 58.6. சுமையின் பெரும்பகுதி ஆலைக்கு வெளியே என்பது வெளிப்படை.

ஒரு சுமை, இரண்டு பேரேடுகள்

அடைபட்ட 37 கிலோகிராமை யார் பெயரில் எழுதுவது? இவ்வினாவிற்கு உலகில் இரண்டு விடைகள் உள்ளன. இரண்டும் அதிகாரமுடைய விடைகளே.

நாடுகள் தத்தம் தேசியக் கணக்கை ஆக்குதற்கு மேற்கூறிய அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வகுத்த நெறியின்படி, யூரியாவாக மாறிய காபனீரொட்சைட்டை அமோனியா ஆலையின் கணக்கிலிருந்து கழித்து விடலாம். யூரியா எந்நாட்டு மண்ணில் இடப்படுகின்றதோ அந்நாட்டின் விவசாயக் கணக்கில் அது எழுதப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வாணிக விதி இதற்கு மாறானது. யூரியாவிற்குட் சென்ற வாயு நிலையாக அடைபட்டதன்று, சின்னாளில் வெளிவருவதே என்னும் காரணத்தால், அது ஆலை உமிழ்ந்ததாகவே அங்குக் கொள்ளப்படும். இறக்குமதிப் பொருள்களின் காபனுக்கு விலை கோரும் ஐரோப்பிய எல்லைச் சீராக்க ஒழுங்கும் பசளை விடயத்தில் இந்நெறியையே மேற்கொண்டது. அவ்வொழுங்கு 2023 ஒக்டோபரில் அறிக்கை அளவிற் தொடங்கி, 2026 சனவரி முதல் முழு வலுவுடன் நடைமுறைக்கு வந்துள்ளது.

விளைவைக் காண்க. 91 கிலோகிராம் என்னும் மொத்தம் மாறவில்லை. ஒரு நெறியின்படி ஆலைக்கு 14, வயலுக்கு 77. மற்ற நெறியின்படி ஆலைக்கு 51, வயலுக்கு 40. ஒன்றில் ஆலை ஏழிலொரு பங்கையே சுமக்கின்றது. மற்றதில் பாதிக்கு மேல் சுமக்கின்றது. வானம் இவ்வேறுபாட்டை அறியாது. அறிக்கையை வாசிப்பவனோ அறிந்தே ஆகவேண்டும். கழிவு செய்தமையைக் கூறாது 14 என மாத்திரம் அச்சிடும் அறிக்கை பொய்யுரைத்ததாகாது. ஆயின் முழுமையும் உரைத்ததாகாது.

தூத்துக்குடியின் சான்று

எல்லைகளின் வேறுபாட்டை விளங்கத் தமிழகத்தின் தூத்துக்குடியிலுள்ள பசளை ஆலை நல்லதொரு சான்றாகும். ‘ஸ்பிக்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் 1969இல் நிறுவப்பட்டு, 1970களில் அங்கே உற்பத்தியைத் தொடங்கிற்று. நெடுங்காலம் நப்தாவே அதன் மூலப்பொருள். இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிவரை 143 கிலோமீற்றர் நீளமான இயற்கை வாயுக் குழாய்த்தொடர் 2021 பெப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டபின், ஆலை இயற்கை வாயுவுக்கு மாறிற்று. 2022 மார்ச்சில் நீர்த்தேக்கத்தின்மீது மிதக்கும் சூரிய மின்னிலையமும் அங்கே திறக்கப்பட்டது.

இவ்விரு மாற்றங்களும் மெய்யான நன்மைகளே. மூலப்பொருள் மாறியமை முதலாம் எல்லையைத் தொடுவது. ஞாயிற்றின் மின்சாரம் வெளியிலிருந்து பெறும் மின்சாரத்தின் இடத்தைப் பிடிக்குமளவில் இரண்டாம் எல்லையைத் தொடுவது. மூன்றாம் எல்லையின் பதினோராம் வகையையோ இவை தொடமாட்டா. நப்தாவிற் பிறந்த யூரியாவும், இயற்கை வாயுவிற் பிறந்த யூரியாவும், நிலக்கரியிற் பிறந்த யூரியாவும் ஒரே யூரியா. அவை வயலில் விடும் காபனும் ஒரே அளவினது. ஆகவே ஓர் ஆலை தன் முதலிரண்டு எல்லைகளிலும் எத்துணை முன்னேறினும், மூடையொன்றுக்கு வயலில் எழுவது மாறாது நிற்கும்.

இந்தியாவிற் பங்குச் சந்தை மதிப்பில் முன்னிற்கும் 1000 நிறுவனங்கள் 2022–23ஆம் நிதியாண்டு முதல் தம் உமிழ்வு விவரங்களை ஆண்டறிக்கையோடு வெளியிடல் வேண்டும் என அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை வாரியம் விதித்துள்ளது. முதலிரண்டு எல்லைகளும் அவ்விதியிற் கட்டாயமானவை. மூன்றாம் எல்லை விரும்பினால் உரைப்பதாகவே அதில் இடம்பெற்றது. பசளைத் தொழிலில் இவ்விருப்பம் எத்துணைப் பெரிய பகுதியை மறைக்க வல்லது என்பது மேலே கண்ட கணக்கால் விளங்கும்.

நீரை மின்னாற் பகுத்து ஐதரசனைப் பெறும் வழியும் உண்டு. நோர்வே நாட்டின் யாரா நிறுவனம் ஹெரோயாவில் அத்தகைய 24 மெகாவாற்று நிலையமொன்றை 2024 யூனில் திறந்தது. இவ்வழியில் அமோனியாவுடன் காபனீரொட்சைட்டு பிறப்பதில்லை. ஆயின் அதனால் யூரியா ஆக்க வேண்டுமாயிற் காபனீரொட்சைட்டை வேறிடத்திருந்து கொணர்தல் வேண்டும். காபனின்றி யூரியா இல்லை. தூய அமோனியா, நைத்திரேற்றுப் பசளைக்கே இயல்பாகப் பொருந்தும். நீர் தேங்கிய நெல்வயலிலோ நைத்திரேற்று எளிதில் வாயுவாகி இழக்கப்படுமாதலின் அது சிறவாது. நெல்லுண்ணும் நாடுகளின் சிக்கல் இதனால் எளிதில் அவிழ்வதன்று.

ஆலையில்லா நாடு

இலங்கையில் இன்று யூரியா ஆலை இல்லை. சப்புகஸ்கந்தையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே, நப்தாவைக் கொண்டு யூரியா ஆக்கும் அரச ஆலையொன்று 1980களின் முற்பகுதியில் இயங்கியது. செலவு கட்டாமையாற் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அன்றுதொட்டு ஒவ்வொரு மூடையும் கப்பலில் வருவதே. எனவே தேசியக் கணக்கில் அமோனியா ஆலைக்குரிய வரி வெறுமையாக, யூரியாவை மண்ணிலிட்டமைக்குரிய வரி நிரம்பி நிற்கும். ஆலை எந்நாட்டிலோ, அடைபட்ட காபனின் பொறுப்பு சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில். நெறி அவ்வாறே விதித்தது, அதனைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும், இக்கணக்கை மாத்திரம் நோக்குவோர்க்குக் குற்றமுழுவதும் உழவனதே எனத் தோன்றுதல் கூடும்.

அத்தோற்றம் ஆபத்தற்றதன்று. 2019 ஒக்டோபரில், நைதரசன் விரயத்தை 2030க்குள் அரைவாசியாகக் குறைத்தல் வேண்டும் என்னும் கொழும்புப் பிரகடனம் இந்நாட்டிலேயே வெளியிடப்பட்டது. அதன் சொல் ‘விரயம்’ என்பது. விரயத்தைக் குறைத்தல் வேறு. பொருளையே நீக்கிவிடுதல் வேறு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி முற்றாகத் தடுக்கப்பட்டது. மக்களின் உடனலம், அந்நியச் செலாவணி, சூழல் எனப் பல காரணங்கள் அதற்குக் கூறப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. தழைக்கவேண்டிய பயிர் மஞ்சளித்து நின்றது. நெல் விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. 2022இல் அரிசி பெருமளவில் இறக்குமதியாயிற்று. இந்தியக் கடனுதவியின்கீழ் 65,000 தொன் யூரியாவும் அவ்வாண்டில் வந்து சேர்ந்தது.

காபன் கணக்கின் கண்கொண்டு இந்நிகழ்ச்சியை நோக்கின் ஒரு பாடம் புலப்படும். பசளை வாராத போகத்தில் இந்நாட்டின் பேரேட்டில் யூரியா வரி சுருங்கியிருக்கும். ஆனால் இறக்குமதியான அரிசியும் எங்கோ ஒரு நாட்டில் யூரியா இட்டு விளைந்ததே. பேரேட்டிலிருந்து ஒரு வரியை அழித்தமையால் வானத்திலிருந்து அது அழிந்துவிடவில்லை. மற்றொரு நாட்டின் ஏட்டுக்கு மாறிற்று. இங்கு எஞ்சியது வெறுங் களஞ்சியமும், ஈடுவைத்த நகையை மீட்கமாட்டா உழவனின் துன்பமுமே.

வயலின் பங்கு

அவ்வாறாயின் வயலிற் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ எனின், உண்டு; அது மிகுதியும் உண்டு. இட்ட நைதரசனிற் பாதிக்குங் குறைவான பகுதியையே நெற்பயிர் பொதுவாக எடுத்துக்கொள்கின்றது. மூடையின் 23 கிலோகிராமில் எஞ்சிய பெரும்பகுதி ஆவியாகியோ, நீரோடு ஓடியோ, நுண்ணுயிரால் வாயுவாக்கப்பட்டோ வீணாகின்றது. உழவன் காசு கொடுத்து வாங்கியது காற்றிற் போகின்றது.

தேங்கிய நீரில் நண்பகல் வெயிலில் பாசி வளரும்போது நீரின் காரத்தன்மை மிகும். அவ்வேளை மேலே தூவிய யூரியா அமோனியாவாகி விரைவில் ஆவியாகும். ஒரே தடவையில் இடாது பயிர் வேண்டும் பருவந்தோறும் பகுத்திடுதல், நீரை இறக்கிவிட்டுச் சேற்றில் இட்டபின் மீண்டும் நீர் கட்டுதல், இலையின் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவை கண்டபின்னரே இடுதல், வைக்கோலை எரியாது மண்ணுக்கே மீளக் கொடுத்தல் ஆகியன அறிவியல் பரிந்துரைக்கும் வழிகள். இந்தியாவில் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுதல் 2015இற் கட்டாயமாக்கப்பட்டது. அது நைத்திரேற்றாக மாறும் வேகத்தைத் தணிப்பது.

இவற்றுள்ளும் ஒன்றற்கொன்று முரணுவன உண்டு. வயலை இடையிடையே காயவிட்டால் மெதேன் பெரிதும் குறையும். ஆயின் நைதரசு ஒட்சைட்டுச் சற்றுக் கூடும். ஆதலின் நீரும் பசளையும் ஒருங்கே கருதப்படல் வேண்டும். வாய்க்கால் நீர் முறைவைத்து விடப்படும் இப்பகுதியில், அம்முறையை நடத்தும் வட்டவிதானைமாரும் கமக்காரர் அமைப்புகளும் இசையாமல் இது தனியொருவனாற் கைகூடுவதன்று.

இவ்வழிகளின் தனிச்சிறப்பு, அவை பேரேட்டுப் பிணக்கைக் கடந்தவை என்பதாகும். இரண்டு அந்தர் இட்ட ஏக்கரில் விளைவு குன்றாது ஒன்றரை அந்தர் போதுமாயின், மிச்சமான அரை அந்தரால் 45 கிலோகிராமுக்கு மேற்பட்ட உமிழ்வு இல்லாதொழிகின்றது. அது ஆலையின் ஏட்டிலிருந்தும் நீங்கும்; வயலின் ஏட்டிலிருந்தும் நீங்கும்; உழவனின் கடனேட்டிலிருந்தும் நீங்கும். எந்த நெறியைக் கொண்டு கணக்கிடினும் வானத்துக்கு மெய்யாகக் குறைவது விரயம் குறைந்தவிடத்தேயாம்.

அறிக்கையை வாசிக்கும் முறை

இலங்கையிலும் நிலைபேற்று அறிக்கையிடல் நியமங்கள் 2025 சனவரி முதல் பெரிய பட்டியற் கம்பனிகள் தொடக்கமாகப் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளன. பசளையை இறக்குமதி செய்து கலந்து விற்கும் நிறுவனங்களின் அறிக்கைகளும் இனி மக்கள் பார்வைக்கு மிகுதியாக வரும். அத்தகைய நிறுவனத்தின் முதலிரண்டு எல்லைகள் களஞ்சிய மின்சாரமும் லொறி எரிபொருளும் அன்றிப் பிறிதல்ல. அவற்றைக் குறைத்தமை மாத்திரம் கூறும் அறிக்கை, நெல்லை விட்டு உமியை நிறுத்ததை ஒக்கும்.

ஆகவே இவ்வறிக்கைகளை எடுப்பவர் ஐந்து வினாக்களை எழுப்புதல் நன்று. கூறப்படும் தொகை எந்த எல்லைக்குரியது? யூரியாவுள் அடைபட்ட காபனீரொட்சைட்டுக் கழிக்கப்பட்டதா, கழிக்கப்படவில்லையா? விற்ற பொருளின் பயன்பாடு கணக்கில் வந்துளதா? மூலப்பொருள் வாயுவா, நப்தாவா, நிலக்கரியா? குறைந்ததாகக் கூறப்படுவது ஒரு தொன்னுக்குக் குறைந்ததா, மொத்தத்திற் குறைந்ததா? இவ்வைந்திற்கும் நேரிய விடை தரும் அறிக்கை, அதன் தொகை பெரிதாயினும் போற்றத்தக்கது. விடை தாராதது, தொகை சிறிதாயினும் ஐயுறத்தக்கது.

இவ்வினாக்களைக் கேட்கப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. மேலே கண்ட கணக்கு முழுவதும் பாடசாலை இரசாயனத்தின் மூலக்கூற்று நிறையும், பெருக்கலும் வகுத்தலுமே. காரைதீவிற் பிறந்து இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், அறிவியலைத் தமிழில் எடுத்துரைத்தல் கூடும் என்பதைத் தம் வாழ்வாற் காட்டிச் சென்றார். அவ்வூரின் அருகே ஒலுவிலிற் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் இன்று உள. ஓர் அந்தர் யூரியாவின் கணக்கை மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையின் வயலுக்குப் பொருத்திப் பார்ப்பானாயின், அவன் இரசாயனத்தையுங் கற்பான். உலகத்தின் பெருங்கணக்கில் தன் ஊரின் இடத்தையும் அறிவான்.

களத்து நெல்லைப் பிரிக்கும்போது அதன் நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பது இக்கரையின் பழவழக்கு. பசளை மூடையைப் பிரிக்கும்போதும், அறிக்கையின் பக்கத்தைப் பிரிக்கும்போதும் அவ்வாறே கேட்கும் பழக்கம் வளருமாயின், ஆலை தன் சுமையை வயலின்மேல் வைக்கவும் மாட்டாது. வயல் தன் விரயத்தை விதியின்மேல் வைக்கவும் மாட்டாது. கணக்கு நேர்மையாக நிற்கும், நெல்லும் நிற்கும்.